வீடு மாறலாம், விலாசம் மாறலாமா?

தூத்துக்குடித் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகம் ஆயிற்று. 2011-ல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர்தான்!

ஆனால், சுங்க இலாகாவில் அதன் குறி இன்றும் "ஐ.என்.டி.யு.டி.1" தான். "டி.யு.டி." என்பது பழைய "டூட்டிக்கொரின்"! பெயர் மாறியும் குறி மாறவில்லை. கப்பல் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் குறியைக் கொண்டே ஊரை அறிகின்றன. அது மாறினால் சரக்கு தடுமாறும்.

இந்த நிதானம் கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கும் வேண்டும்.

செல்போன் செயலி தகவல் கேட்டு, எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரின் வாசலுக்குப் போகிறது. அந்த வாசலின் விலாசமே "ஏ.பி.ஐ. முகவரி". புது இயந்திரம் வைப்பவர்கள் விலாசத்தையும் மாற்றிவிட்டால், பழைய செயலி பூட்டிய கதவைத் தட்டி நிற்கும். புதுப் போன் வாங்கியவர் தப்பினார். கடலுக்குப் போகுமுன் பழைய போனில் காற்று நிலவரம் பார்க்கும் மீனவர் என்ன செய்வார்?

இயந்திரத்தை மாற்றட்டும், வேண்டாம் என்பவர் யார்? பழைய வாசலுக்கு வருகிறவரைப் புது இடத்துக்கு அனுப்பிவைக்க ஓர் ஏற்பாடு இருக்கட்டும். வாசலை மூடியே தீரவேண்டுமானால், பல மாதம் முன்பே அறிவிக்கட்டும்.

தூத்துக்குடி காட்டும் வழி அதுதான்!