ஷோனென் நைஃபைச் சிரிப்புக் குழு என்பவர்களுக்கு

ஜப்பானிய ராக் இசை பற்றிப் பேச்சு எழுந்தால், ஒசாகாவின் ஷோனென் நைஃப் பெயர் எப்படியும் வந்துவிடும். கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பும் வரும். மூன்று பெண்கள், மூன்று கார்டு, சாக்லேட்டும் பூனையும்தான் பாட்டு; இரண்டு பாட்டுக் கேட்டால் போதும், மீதியெல்லாம் அதேதான் என்பார்கள். பரிந்துரைப் பட்டியல்களும் இந்தப் பேச்சையே பின்பற்றுகின்றன. அவற்றில் அடிக்கடி முன்னால் வந்து நிற்பது 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்'. அது கார்பென்டர்ஸின் பாட்டு. 1994இல் வந்த கார்பென்டர்ஸ் காணிக்கைத் தொகுப்புக்காக இவர்கள் பாடிக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வரும் ஒரு குழுவை இரவல் பாட்டை வைத்தா அறிமுகப்படுத்துவது?

முதலில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் கதையை முடித்துவிடலாம். கோபேன் கைதூக்கி விட்டதால்தான் இவர்களை உலகுக்குத் தெரியும் என்கிறார்கள். 1991 இறுதியில் நிர்வாணாவின் பிரிட்டன் பயணத்தில் இவர்கள் தொடக்கக் குழுவாக வாசித்தது உண்மை. அதனால் கூட்டம் பெருகியதும் உண்மை. ஆனால் நவோகோ யமானோ, அவருடைய தங்கை அத்சுகோ, மிச்சியே நகதானி மூவரும் குழுவைத் தொடங்கியது 1981இல். 'பர்னிங் ஃபார்ம்' ஆல்பம் 1983இல் வந்தது. 1985இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரிலிருந்து கே ரெக்கார்ட்ஸ் அதை ஒலிநாடாவாக வெளியிட்டது. 1989இல் சோனிக் யூத், எல்7, ரெட் கிராஸ் முதலிய அமெரிக்கக் குழுக்கள் சேர்ந்து இவர்களுடைய பாடல்களையே பாடி ஒரு காணிக்கைத் தொகுப்பு போட்டன. நிர்வாணாவின் முதல் ஆல்பமான 'ப்ளீச்' வெளிவந்ததும் அதே 1989தான். யார் யாரைக் கைதூக்கி விட்டார்கள் என்பதை ஆண்டுகளே சொல்லும். கோபேன் ரசிகராக வந்தார், அவ்வளவுதான்.

அடுத்தது, சாப்பாட்டுப் பாட்டு, விஷயம் ஒன்றுமில்லை என்ற குற்றச்சாட்டு. இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

'பர்னிங் ஃபார்ம்' ஆல்பத்தில் பாத்திரம் தேய்க்கும் பிரஷ் ஒன்றுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ஆமை முத்திரை போட்ட அந்தப் பிரஷ் கற்பனைப் பொருளல்ல. 1907 முதல் ஜப்பானியச் சமையலறைகளில் புழங்கும் சாதனம். நாரை முறுக்கி வளைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும்படி செய்தது. தேங்காய் நாரால் பாத்திரம் தேய்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பங்க் என்றால் லண்டன் பையன்களின் கோபம் என்று ஊருலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோபத்தைக் கடன் வாங்காமல், ஒசாகாவில் அலுவலகம் போய்வந்து வீட்டுத் தொட்டியில் பாத்திரம் கழுவும் இளம்பெண்கள் தங்கள் கைக்கு எட்டிய பொருளை எடுத்து, அதற்கு ஒரு விளம்பரப் பாட்டின் தோரணையைக் கொடுத்தார்கள். இதில் கிண்டல் இருக்கிறது. கிண்டலின் இலக்கு பிரஷ் அல்ல, ராக் இசையின் வீறாப்பு.

'ட்விஸ்ட் பார்பி'யும் அப்படித்தான். நீலக்கண், பொன்முடி, ஒல்லியான உடம்பு கொண்ட பொம்மையைப் போல ஆக வேண்டும் என்று ஜப்பானியப் பெண் குரல் குதூகலமாகப் பாடுகிறது. அந்தக் குதூகலத்தை அப்படியே நம்பிவிடுபவர்கள்தான் இவர்களை அசடு என்கிறார்கள். 'பேர் அப் பைசன்' வேட்டையாடி அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட காட்டெருமைக்குத் தைரியம் சொல்லும் பாட்டு. 1986இல் வந்த அதன் முதல் வடிவத்தின் தலைப்பு, எக்ஸ்டிசி குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றைச் சீண்டுகிறது. 2010இல் 'எகனாமிக் கிரைசிஸ்' என்று பொருளாதார நெருக்கடியையும் பாடியிருக்கிறார்கள். பட்டியல் போடுபவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. சாக்லேட் மட்டும் பாடுபவர்கள் என்ற கணக்கு உதைக்குமே!

அமெரிக்க பங்க் குழுவான ரமோன்ஸைப் பார்த்து எழுதியவர்கள் என்பது மூன்றாவது வாதம். பாதி உண்மை. அந்தக் கடனை அவர்களே மறைத்ததில்லை. 2011இல் ரமோன்ஸ் பாடல்கள் மட்டுமே கொண்ட 'ஒசாகா ரமோன்ஸ்' ஆல்பம் போட்டார்கள். மீதிப் பாதிக்கு 'பர்னிங் ஃபார்ம்' தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். டிரம் மந்திரம் ஓதுவது போலத் திரும்பத் திரும்ப அதே அடியைப் போட, குரல்கள் அதன்மேல் மிதந்து போகின்றன. ரமோன்ஸ் வாடையே கிடையாது. காணிக்கைத் தொகுப்புக்கு சோனிக் யூத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 1993இன் 'ராக் அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டொமேட்டோ ஹெட்' கனத்த கிட்டாரோடு இழுத்து நடக்கிறது. அதே ஆல்பத்தில் பூங்காவில் குழந்தைகள் ஏறி உட்காரும் சிமென்ட் மிருகங்களைப் பற்றிய 'கான்கிரீட் அனிமல்ஸ்', நேரான, தித்திப்பான பாப். 2014இன் 'ஓவர்டிரைவ்' எழுபதுகளின் ஹார்ட் ராக்குக்கு நேராகப் போகிறது. எனக்கு அந்த ஆல்பம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எல்லாம் ஒரே மாதிரி என்று யாரும் சொல்ல முடியாது.

பொம்மைக் குழு என்ற ஏளனத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எண்பதுகளின் ஜப்பானில் பெண்களைப் பொறுக்கிச் சேர்த்து, பாட்டெழுதிக் கொடுத்து, ஆட வைத்த தயாரிப்பாளர்கள் நிறையவே இருந்தார்கள். இவர்களை யாரும் சேர்க்கவில்லை. பாட்டு இவர்களுடையது, மேடை உடைகளை வடிவமைத்தவர் அத்சுகோ.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் என் வரிசை இது: முதலில் 'பர்னிங் ஃபார்ம்' முழு ஆல்பம், பிறகு 'ராக் அனிமல்ஸ்'. எல்லோரும் முதலில் நீட்டும் 1992இன் 'லெட்ஸ் நைஃப்' மூன்றாவதாக வரட்டும். பழைய பாடல்கள் பலவற்றைப் பெரிய நிறுவனத்துக்காகத் திரும்பப் பதிவு செய்த ஆல்பம் அது. ஒலி சுத்தமாக இருக்கிறது, ஆனால் 'ட்விஸ்ட் பார்பி'யின் குறும்பு 1983 பதிவில்தான் இருக்கிறது.