தோட்ட மக்களும் பிரதேச சபையும்

தோட்ட மக்களின் வாக்கைப் பெற்ற பிரதேச சபை, அவர்தம் லயத்துப் பாதையைச் செப்பனிடத் தன் நிதியைச் செலவிட இயலாதிருந்த விந்தையை நாம் மறக்கவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவே தடையாய் நின்றது. 2018இல் பாராளுமன்றம் அதனைத் திருத்தியது. தடை நீங்கினும் பாதை தானே அமையாது.

புசல்லாவை, ஹேவாஹெட்டை, பன்விலைத் தோட்டங்களில் வாழ்வோர், 2025 மே 6ஆம் நாள் தெரிவான உறுப்பினரிடம் பாதை, குடிநீர், வடிகால் குறைகளை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் பெறுக. அடுத்த வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் கொடுக்க. மனு வரையக் கற்றோர் துணை நிற்க. அயற்கிராமத்து விவசாயிக்கும் சந்தைக்குச் செல்ல அப்பாதையே வழி, அவரும் ஒப்பமிடுக.

சபை வாளாவிருப்பின், 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காரணம் கேட்போம். வாய்மொழி வாக்குறுதி காற்றோடு போகும், எழுத்தே சான்று.