இருளும் எல்லோருக்கும் சமமன்று

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளும் பல நாள்கள் மின்சாரமின்றித் தவித்தன. மின்தடை ஏழை, பணக்காரர் என்று பாராது என்பர். அது உண்மையன்று.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு நான்கு மணி நேர மின்தடை சிறு தொந்தரவு மட்டுமே. வாடகைக்குக் குடியிருப்பவரோ, இன்வெர்ட்டர் வாங்கப் பணமிருந்தாலும், வயரிங்கை மாற்ற வீட்டு உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் இல்லாத அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றால் மேல்தளத்து முதியவர் வீட்டுக்குள் சிறைப்படுகிறார். மோட்டார் நின்றால் குடம் சுமந்து படியேறுவோர் பெரும்பாலும் பெண்களே. வீட்டில் தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அன்றைய கூலி போகிறது; ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவருக்கு உயிரே ஊசலாடுகிறது.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் மின்கட்டமைப்பைச் சிதைத்தது. அடுத்த சில மாதங்களில் அங்கு வழக்கத்தைவிட 2,975 பேர் கூடுதலாக இறந்தனர் என ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. இவை அனைத்தும் மின்தடையால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் வறிய பகுதியினரும் 65 வயதைக் கடந்த ஆண்களுமே அதிக ஆபத்துக்கு ஆளாயினர் என்பது கவனத்துக்குரியது.

மின்விநியோகத்தின் நம்பகத்தன்மையை, ஒரு நுகர்வோருக்கு ஆண்டில் சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரம் நின்றது என்று அளக்கிறோம். இந்தச் சராசரியில் எல்லா மணி நேரமும் ஒன்றே. யாருடைய மணி நேரம் என்ற கேள்விக்கு இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாற்று வழி உள்ளவர்கள் விலகிச் சென்றால், பொதுச் சேவையைத் தட்டிக்கேட்கும் குரல் மங்கும் என்று 1970-இல் எழுதினார் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். நைஜீரிய ரயில்வேயை அவர் எடுத்துக்காட்டினார். இன்வெர்ட்டரும் அப்படித்தான்: புகார் அளிக்கும் செல்வாக்குடையவர்களுக்குப் புகாருக்கான தேவையே இல்லாமற்போகிறது.

பிரிட்டனில் முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மின்நிறுவனங்கள் முன்னுரிமைப் பதிவேடு வைத்துள்ளன. ஒரு தெருவுக்கான மின்பாதை சீரானால்தான் அதிலுள்ள ஒரு வீட்டுக்கும் மின்சாரம் வரும். பதிவேட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். மின்பாதையை விரைந்து சரிசெய்வதன்று அதன் நோக்கம். முன்னறிவிப்பு யாருக்கு முதலில் செல்ல வேண்டும், பேட்டரியும் ஆம்புலன்ஸும் எந்த வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும்.

ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் நம் மின்வாரியத்திடம் எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் வாழ்பவர் யார் என்ற ஒரு குறிப்பைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் கடலோர மாவட்டங்களிலேனும் இதைத் தொடங்க வேண்டும்.