சுருண்டு செத்ததா சிப்பி?

முற்றிப்போன கால் நகம் போல வளைந்த கல். இங்கிலாந்தின் கடற்கரைகளிலும் உழுத வயல்களிலும் கிடைக்கும் இதற்குக் கிராமத்தார் வைத்த பெயர், பிசாசின் கால் நகம். பையில் வைத்திருந்தால் மூட்டுவலி அண்டாது என்ற நம்பிக்கையும் உண்டு. இரும்புத் தாது தோண்டிய ஸ்கன்தார்ப் நகரம் தன் சின்னத்திலேயே இரண்டைப் பொறித்துக்கொண்டது.

விஞ்ஞானிகளுக்கு இது கிரைஃபியா. அழிந்துபோன சிப்பி இனம். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஜுராசிக் கடல்களின் சேற்றுத் தரையில் வாழ்ந்தது. கனமான இடது ஓடு சுருண்டு, தொட்டில் மாதிரி சேற்றில் பதிந்திருக்கும். வலது ஓடு வெறும் தட்டை மூடி. அதைச் சற்றே திறந்து, நீரை இழுத்து வடிகட்டிச் சாப்பிட்டது.

இந்தச் சுருளை வைத்து 1922ல் ஒரு சோகக் கதை பிறந்தது. எழுதியவர் ஆர்தர் ட்ரூமன் என்ற நிலவியல் அறிஞர். தட்டைச் சிப்பியிலிருந்து தோன்றிய கிரைஃபியா தலைமுறைக்குத் தலைமுறை அதிகமாகச் சுருண்டது. கடைசியில் சுருளின் நுனி மூடியை அழுத்த, திறக்க முடியாமல் மாண்டது என்றார். நன்மை தீமை பாராமல் பரிணாமம் ஒரே திசையில் ஓடும் என்று வாதிட்டவர்களுக்கு அருமையான சாட்சி கிடைத்தது. பாடநூல்களிலும் ஏறிவிட்டது.

கதையில் ஓட்டை இருந்தது. அளவுக்கு மீறிச் சுருள்வது கிழச் சிப்பிதான். முட்டையிட்டு முடித்த கிழம் பட்டினியில் செத்தால் இனம் எப்படி அழியும்? தவிர, பிரிட்டனில் தலைகாட்டும் முன்பே, டிரையாசிக் காலத்தில், வேறு கடல்களில் கிரைஃபியா இருந்தது.

1959ல் ஆந்தனி ஹாலம் ஓடுகளை மறுபடி அளந்தார். ட்ரூமன் சொன்ன சுருள் அதிகரிப்பு தென்படவில்லை. பிந்தைய ஆய்வுகளில் விஷயம் தலைகீழானது. காலப்போக்கில் ஓடு பெருத்தது, சுருள் குறைந்தது. 1972ல் ஸ்டீஃபன் ஜே கூல்ட் பழைய கணக்கின் பிழைகளை அலசினார்.

பெருத்தது ஏன்? ஆயுள் நீண்டதாலா? 1999ல் கூல்டும் டக்ளஸ் ஜோன்ஸும் மர வளையங்களை எண்ணுவது போல ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளைக் கொண்டு வயதைக் கணித்தார்கள். ஆயுள் நீளவில்லை, வளர்ச்சிதான் வேகமாகியிருந்தது. சுருளாத குஞ்சுப் பருவத்துச் சாயலோடே உடம்பு மட்டும் பெருத்திருந்தது.