இருபது கொண்டை ஊசிகள்

கூந்தலில் செருகுகிற கொண்டை ஊசிக்கும் மலைச் சாலைக்கும் என்ன சம்பந்தம்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய் வந்த எந்தச் சகோதரியும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவாள். ஒரு பக்கமாக ஓடுகிற சாலை திடீரென்று வளைந்து வந்த பக்கமே திரும்பிவிடுகிறது. ஊசியின் வடிவம் அப்படியே! ஆங்கிலத்திலும் இதே பெயர்தான். சாலை போட்ட என்ஜினீயர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகள். ஆனாலும் பெயர் வைக்க வேண்டிய சமயத்தில் அவர்களுக்கு ஞாபகம் வந்தது வீட்டுக் கண்ணாடி அலமாரிதான் போலிருக்கிறது.

ஏற்காடு மலைப்பாதையில் இப்படி இருபது ஊசிகள். கொல்லிமலைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்; அவர்களுக்கு எழுபது. வால்பாறைக்கு நாற்பது. இருந்தாலும் வயிற்றைப் புரட்டுவதற்கு இருபது போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இத்தனை வளைவு, நேராக ஒரு ரோடு போடக் கூடாதா என்று குழந்தைகள் கேட்கும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ கீழே சமவெளியில், முப்பது கிலோமீட்டர் தூரத்தில். நேராக ஏறினால் எந்த வண்டியும் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் நீளமான புடவையைக் கொசுவம் வைத்து இடுப்பில் செருகுகிற மாதிரி, நீளமான சாலையை மடித்து மடித்து மலையில் செருகியிருக்கிறார்கள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள். அந்தக் காபியைக் கீழே இறக்கவும், வெயிலுக்குப் பயந்தவர்கள் மேலே ஏறவும் வழி வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மடிப்பும்தான் அபாயம். எக்ஸிபிஷனில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்களே! மெள்ளச் சுற்றும்போது நாற்காலிகள் தொங்கிக்கொண்டிருக்கும். வேகம் ஏற ஏற வெளிப்பக்கமாகப் பறக்கும். வளைவில் பஸ்ஸுக்கும் நமக்கும் நடப்பது இதுவேதான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, டிரைவர்கள் மட்டுமல்ல, பிரயாணிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளுகிற விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் சமர்த்தாகத் திரும்புகிற வண்டி நாற்பதில் திரும்ப மறுப்பதற்கு இதுதான் காரணம். இந்திய சாலைக் காங்கிரஸ் மலைச் சாலைகளுக்கு வகுத்துள்ள விதிகளும் கொண்டை ஊசி வளைவுக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டிருக்கின்றன. உட்பக்க வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது; வெளி விளிம்பைச் சற்றுத் தூக்கிச் சரிவாகப் போட வேண்டும்; வளைவில் ஏற்றம் நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

2024 ஏப்ரல் 30-ஆம் தேதி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு பஸ், பதின்மூன்றாவது வளைவுக்கு அருகில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே உருண்டது. சிலர் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். மலைச் சாலையின் கொடுமை என்னவென்றால், மேலிருந்து விழுகிற வண்டி விழுவதும் அதே சாலையின் கீழ் மடிப்பை நோக்கித்தான். மேலே ஒருவர் செய்கிற அவசரம் கீழே ஏறி வருகிறவரின் தலைக்கு வருகிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது அவர்களுடைய பாடம். கியரைக் குறைத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அதை விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், அது தோசைக்கல் மாதிரி காய்ந்து, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். காரில் இறங்கும்போது ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தால், "யார் வீட்டு அடுப்பிலோ" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வண்டியை அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடச் சொல்லுங்கள். இன்னொரு விதியும் உண்டு. அகலம் போதாத மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஏறுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தச் சட்டத்தை மலையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பட்டணத்து நேயர்கள் இதெல்லாம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சென்னையில் 2008-இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தில் போயிருப்பீர்கள். நான்கு இதழ் இலை மாதிரி வளைந்து வளைந்து இருக்கிறதே, அந்த வளையங்களும் கொண்டை ஊசியின் ஒன்றுவிட்ட சகோதரிகள்தான். வலப்பக்கம் போக வேண்டியவர் பாலத்தைத் தாண்டி, இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி, யாரையும் குறுக்கே வெட்டாமல் போய்ச் சேர்கிறார். இந்த யோசனைக்கு அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் என்பவர் 1916-இலேயே உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். அங்கேயும் வம்பு வளையத்தில்தான். ஒரு வளையத்திலிருந்து உள்ளே வருகிறவரும் அடுத்த வளையத்துக்குள் வெளியே போகிறவரும் அதே சின்ன இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். திருவிழாவன்று ஒரே கோபுர வாசலில் வருகிறவர்களும் போகிறவர்களும் நெருக்குகிற கதைதான்.

மலையில் அப்படிப் பாலம் கட்ட இடமேது? சேலத்தில் ஐந்து ரோட்டில் 2020-இல் இரண்டடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். அதைத் தாண்டி அடிவாரம் வரை சுகமாக வருகிற கார்களெல்லாம் மேலே ஒண்டிக்கடை ரவுண்டானாவிலும் ஏரிக்கரையிலும் வந்து திணறுகின்றன. மே மாதம் மலர்க் காட்சிக்குப் போனவர்கள் பூவைவிட முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பார்கள். இதற்கு என் புத்திக்கு எட்டிய நல்ல வழி, கோடை விழாச் சமயத்தில் போலீஸார் செய்கிற ஏற்பாடுதான்: அடிவாரம் வழியாக ஏறு, குப்பனூர் வழியாக இறங்கு. எதிரே வண்டி வராத வளைவில் பாதி அபாயம் போய்விடுகிறது. நெரிசல் மிகுந்த விடுமுறை நாட்களிலெல்லாம் இதை நிரந்தரமாக்கினால் என்ன? குப்பனூர்ப் பாதையில் குடியிருக்கிற மலை ஜனங்களையும், காய்கறி லாரிக்காரர்களையும், ஆஸ்பத்திரி வண்டிகளையும் கலந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இனி அறிவிப்புப் பலகைகள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, வட்டம் என்றால் உத்தரவு, நீண்ட சதுரம் என்றால் தகவல். இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சொல்லித்தரலாம். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் வடிவத்திலேயே பாஷையை வைத்தார்கள். இந்த விஷயத்தில் ஒரு பெண்மணியின் கைவேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 1950-களின் கடைசியிலிருந்து சாலைப் பலகைகளைத் திருத்தியமைத்த இருவரில் ஒருவர் மார்கரெட் கால்வெர்ட். பள்ளிக்கூடப் பலகையில் ஒரு சிறுமி, சின்னப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள் அல்லவா? அந்தச் சிறுமியைத் தம்முடைய சின்ன வயதுப் படத்தைப் பார்த்தே வரைந்தாராம். பையன் முன்னே, பெண் பின்னே என்றிருந்த பழைய வழக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்!

எழுத்தைக் கண்ணுக்கு எட்டும்படி வைப்பது ஒரு தனிக் கலை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினொரு மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மனம் புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை விநாடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் வண்டி இருபத்தேழு மீட்டர் போய்விடும். ஆகவே வளைவிலேயே நட்ட எச்சரிக்கை, விருந்தாளி சாப்பிட்டுப் போன பிறகு போட்ட இலைதான். "கொண்டை ஊசி வளைவு" என்று நீட்டி எழுதிப் பொடி எழுத்தில் மேலும் நான்கு உபதேசம் சேர்ப்பதைவிட, வளைவின் படத்தையும் எண்ணையும் பெரிதாகப் போட்டு முன்கூட்டியே வைப்பது மேல். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருகிற பஸ்ஸே தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்புகிற பலகைகளில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைப் பதிக்கும் முறை ஒன்று உண்டு. விளக்கு பட்டதும் அவை பூனைக் கண் போல மின்னும். அதன்மேல் அழுக்கும் கட்சி நோட்டீஸும் ஏறினால் மணி இருந்தென்ன, மாணிக்கம் இருந்தென்ன? வளைவில் எதிர்ப்பக்கம் காட்டுகிற குவிகண்ணாடியின் கதியும் அதேதான். வாரத்துக்கொரு நாள் ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆளைப் போட்டால் போதும். வெறும் சுவருக்குப் பதிலாகச் சுழலும் உருளைகளை வைத்த தடுப்புகள் தமிழ்நாட்டு மலைச் சாலைகள் சிலவற்றில் வந்திருக்கின்றன. மோதுகிற வண்டியைத் தடுத்துச் சாலைப் பக்கமே திருப்பிவிடுவது அவற்றின் வேலை. செலவுதான், ஆனாலும் ஆழமான பள்ளம் இருக்கிற வளைவுகளுக்காவது வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சொன்னேன். நம் பங்கும் கொஞ்சம் உண்டு. வளைவின் முனையில் காரை நிறுத்தி, "இந்த இடத்தில் ஒரு போட்டோ" என்று இறங்குவது பெரும்பாலும் நாம்தான். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டச் சொல்லிக் குழந்தையை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவிடுவதும் நாம்தான். தின்னப் பழகிய குரங்கு சாலை நடுவிலேயே காத்திருக்கிறது. அதைத் தவிர்க்கப் போய் இரண்டு சக்கர வண்டிக்காரர் சறுக்குகிறார்.

தலைசுற்றல் உள்ளவர்கள் ஒன்று கவனியுங்கள். உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, மடியில் விரித்த பத்திரிகையைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரட்டுகிறது. முன் வரிசையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். கிளம்புமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். பையில் எலுமிச்சம்பழமும் இரண்டு காகிதப் பையும் இருக்கட்டும். தொடர்கதையை ஏரிக்கரையில் போய்ப் படித்துக்கொள்ளலாம்.