பட்டா இல்லாதவர்களின் டெல்டா

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசியின் குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. தடியடி, கைது, பேராசிரியர் த.ஜெயராமன் உள்ளிட்டோருக்குச் சிறை. யாருடைய வயல் என்று எல்லோரும் கேட்டோம். அந்த வயலில் இறங்கி நாற்று நடுபவர்கள் யார் என்று நானும் கேட்கவில்லை.

ஆய்வுக்காகத் திருவாரூர் பக்கம் போயிருந்தபோது, நடவுக்குப் போகும் அக்கா ஒருவர்தான் கேட்டார்: “நெலத்துல குழா போட்டா நெலக்காரருக்குப் பணம் வரும். எனக்கு என்னா வரும் தம்பி?”

ஒன்றும் வராது. குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை வாங்க வேண்டாம், பயன்படுத்தும் உரிமை போதும்; பயிர்ச் சேதம் போக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு இழப்பீடு. எல்லாக் கணக்கும் நிலத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் நிலமற்ற தொழிலாளியையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கிணறு தோண்டினால் அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது.

பட்டா ஏன் இல்லை என்று தஞ்சையில் கேட்பதே வேடிக்கை. கோயில், மடம், மிராசு என்று நிலம் ஒருபக்கம். பண்ணையாள் என்று நாம் ஒருபக்கம். கூலி உயர்வு கேட்ட போராட்டத்துக்குப் பதிலாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் தார் மணலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதபாஸ்கா ஆற்றோரப் பூர்வகுடிகள் 1899இன் எட்டாம் ஒப்பந்தத்தைக் காட்டியாவது வழக்காடுகிறார்கள். அக்காவிடம் காட்ட அப்படி ஒரு காகிதமும் இல்லை.

2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. வரவேற்கிறேன், அது போராடிப் பெற்றது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை.

இதைப் பேசினால் ‘போராட்டத்தைப் பிளக்காதே’ என்பார்கள். ஊரும் சேரியும் பிளந்து கிடப்பது எங்களாலா? எண்ணெய் எதிர்ப்பில் நானும் நிற்கிறேன். கிராமசபையில் அடுத்த தீர்மானம் எழுதும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்வோம் தோழர்களே: வயல் முடங்கும் நாட்களுக்கெல்லாம் தொழிலாளிக்குக் கூலி, குடிநீரைச் சோதிக்கும்போது முதல் குடம் சேரியின் அடிபம்பிலிருந்து.