இல்லாத நூலுக்கு ஏது வடிவப் பிழை?

அமெரிக்க வெள்ளை மாளிகை 2025 மே 22 அன்று வெளியிட்ட குழந்தைகள் நல அறிக்கை ஐந்நூறுக்கும் மேற்பட்ட சான்றுக் குறிப்புகளோடு வந்தது. நலவாழ்வுத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் தலைமையிலான ஆணையம் தயாரித்த அந்த அறிக்கையில் சான்றாகக் காட்டப்பட்ட ஆய்வுகளுள் ஏழு எங்குமே வெளிவராதவை என்பதை, நோட்டஸ் என்னும் செய்தி நிறுவனம் ஒரு வாரத்திற்குள் கண்டறிந்தது. பதின்பருவத்தினரின் மனப்பதற்றம் குறித்த கட்டுரை ஒன்றுக்கு முதல் ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்தரின் கீஸ், அப்படி ஒரு கட்டுரையைத் தாம் எழுதவே இல்லை என்று தெரிவித்தார். சில இணைய முகவரிகளின் நடுவே, செயற்கை நுண்ணறிவுச் செயலி விட்டுச்செல்லும் குறியீடுகள் அப்படியே கிடந்ததை வாஷிங்டன் போஸ்ட் எடுத்துக்காட்டியது. இவ்வளவுக்கும் பிறகு வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் தந்த விளக்கம், அறிக்கையில் சில 'வடிவமைப்புச் சிக்கல்கள்' உள்ளன, அவை சரிசெய்யப்படுகின்றன என்பதுதான்.

அந்த ஒற்றைச் சொல்லாட்சி கல்வியுலகம் முழுவதையும் கொதிப்படையச் செய்திருக்க வேண்டும். இல்லாத கட்டுரையைச் சான்றாகக் காட்டுவது, காற்புள்ளி இடம் மாறி விழுந்ததற்கு நிகரான பிழை என்று ஓர் அரசு சொல்ல முடிந்ததென்றால், அப்படிச் சொல்வதற்கான துணிவை அதற்குத் தந்தது யார் என்ற கேள்வி எழுகிறது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் இதுவே நடந்தது. அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறைக்காக 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் டிலாய்ட் நிறுவனம் எழுதித் தந்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெறாத ஒரு மேற்கோளும் இருந்ததை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். அக்டோபரில் நிறுவனம் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இரு நாடுகளிலும் சொல்லப்பட்ட சமாதானம் ஒன்றே: சான்றுகள் திருத்தப்பட்டன, அறிக்கையின் சாரம் மாறவில்லை. சான்றை உருவி எடுத்த பிறகும் முடிவு அசையாமல் நிற்கிறது என்றால், அந்த முடிவு சான்றிலிருந்து பிறக்கவே இல்லை என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. முடிவை முதலில் எழுதி, சான்றைப் பிறகு தேடியிருக்கிறார்கள். தேடியும் கிடைக்காதபோது ஓர் இயந்திரத்தை விட்டுச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

சான்று காட்டுதல் வேறு, சான்றின் வடிவம் வேறு. ஒரு கூற்றை முன்வைப்பவர், அது எங்கிருந்து பெறப்பட்டது என்று சொல்லி, ஐயம் கொள்ளும் வாசகரை அந்த இடத்துக்கே அனுப்பிவைப்பது சான்று காட்டுதல் ஆகும். ஆசிரியர் பெயர் முதலிலா ஆண்டு முதலிலா, நூற்பெயரைச் சாய்வெழுத்தில் தருவதா மேற்கோள் குறிக்குள் தருவதா என்பனவெல்லாம் வடிவம். தமிழ்ப் புலமை மரபு இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. 'குறுந். 40' என்று மட்டும் எழுதினால் போதும், 1937-இல் வந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் பின்னர் வந்த மலிவுப் பதிப்பை வைத்திருப்பவரும் ஒரே பாடலுக்குப் போய்ச் சேர்வர். பதிப்பகம், ஊர், விலை எதுவுமில்லாத அந்தக் குறிப்பு, சான்றின் வேலையை முழுமையாகச் செய்துவிடுகிறது.

சான்று வடிவத்தை வகுக்கும் இன்றைய நெறிநூல்கள் இந்த அடிப்படையை மறக்கடித்துவிட்டன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நெறிகள் 1929-இல் ஓர் ஆய்விதழின் ஏழு பக்கங்களுக்குள் அடங்கியிருந்தன. 2019-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு நானூறு பக்கங்களைத் தாண்டிய நூல். நூல் வெளியான ஊரின் பெயரைக் குறிக்கத் தவறியதற்காக எத்தனை தலைமுறை மாணவர்களின் ஆய்வேடுகள் சிவப்பு மையோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்! அந்த ஊர்ப்பெயரை நவீன மொழிச் சங்கம் 2016-இலும், உளவியல் சங்கம் 2019-இலும், சிகாகோ நெறிநூல் 2024-இலும் தேவையில்லை என்று விட்டுவிட்டன. ஆனால், உண்மையாகவே தேவைப்படுவதைக் கேட்க உளவியல் சங்கத்துக்கு மனம் வரவில்லை. அதன் முறைப்படி, ஒருவர் சொற்களை அப்படியே எடுத்தாளும்போதுதான் பக்க எண் கட்டாயம். கருத்தைத் தம் சொற்களில் சொல்லும்போது பெயரும் ஆண்டும் போதும். ஐந்நூறு பக்க நூலொன்றின் கருத்து எனச் சொல்லி, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டாமல் ஒருவர் நகர்ந்துவிடலாம். வடிவம் அவரைக் குற்றம் சொல்லாது. இதற்கிடையே, 41 நாடுகளைச் சேர்ந்த 372 ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் ப்ளாஸ் ஒன் இதழில் வெளியான கணக்கெடுப்பு, ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 52 மணி நேரத்தைக் கட்டுரைகளின் வடிவத்தைச் சீர்செய்வதிலேயே செலவிடுவதாகக் காட்டியது.

வடிவத்துக்கு இத்தனை காவல் இருந்தும், உள்ளே நடப்பது என்ன என்பதை அம்பலப்படுத்திய ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. சான்று காட்டுவது பற்றிப் பேச வரும் எவரும் அதை அறியாமல் பேசத் தகுதியற்றவர் என்றே சொல்லலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த சிம்கின், ராய்சவுத்ரி ஆகிய இருவரும் இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டனர். அக்கட்டுரை அதுவரை ஏறத்தாழ 4,300 கட்டுரைகளில் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ தவறாக அச்சாகியிருந்தது. எண்களை எழுதும்போது கை தவறுவது இயல்பே. ஆனால் மூலக் கட்டுரையை எதிரில் வைத்துக்கொண்டு எழுதும் 196 பேர் தவறு செய்தால், அந்தத் தவறுகள் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒருவர் இலக்கங்களை முன்பின் மாற்றியிருப்பார், இன்னொருவர் ஓர் இலக்கத்தை விட்டிருப்பார். ஆய்வாளர்கள் கண்டதோ, 196 பிழைகளில் தனித்தனியானவை 45 மட்டுமே. ஒரே ஒரு தவறான பக்க எண் 78 கட்டுரைகளில் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

இந்த எண்களின் பொருளை நிதானமாக நோக்க வேண்டும். யாரோ ஒருவர் முதலில் பக்க எண்ணைத் தவறாக எழுதினார். அடுத்தவர் அவருடைய பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்தார். அவரிடமிருந்து வேறொருவர் எடுத்தார். எழுபத்தெட்டுப் பேரில் ஒருவராவது அந்தப் பக்க எண்ணை நம்பி இதழைப் புரட்டியிருந்தால், அங்கே வேறு ஏதோ இருப்பதைக் கண்டு திருத்தியிருப்பார். 196 பிழைகளில் 151 வெறும் படி எடுத்தவை. இத்தகைய பிழைப் பரவலைக் கணித முறையில் ஆராய்ந்த அவ்விருவரும், ஒரு கட்டுரையைச் சான்று காட்டுவோரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே மூலத்தைப் படித்தவர்கள் என்று மதிப்பிட்டனர். மூலத்தைப் படித்துவிட்டு, வசதிக்காகப் பிறர் பட்டியலிலிருந்து விவரத்தை எடுத்திருக்கலாமே என்று சிலர் எதிர்வாதம் செய்வதுண்டு. படித்த கட்டுரை கையில் இருக்கும்போது, அதன் முதல் பக்கத்திலேயே அச்சாகியுள்ள எண்ணை அடுத்தவர் பட்டியலில் போய்த் தேடுவானேன்? இந்த வாதத்துக்கு அதற்கு மேல் மறுமொழி வேண்டியதில்லை. ஐவரில் நால்வர் படிக்காததைப் படித்ததாகக் காட்டுகின்றனர். உரை எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பரவுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவுலகின் நிலை இதுதான். இன்று இல்லாத நூலை உண்டாக்கும் இயந்திரம், மனிதர்களின் இந்தப் பழக்கத்தைப் பெரிதாக்கித் தருகிறதே தவிரப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை.

இயந்திரம் வருவதற்கு முன்பே இல்லாத கட்டுரையும் உலா வந்ததுண்டு. கட்டுரையாளர்களுக்கு முன்மாதிரி காட்டுவதற்காக எல்சவியர் பதிப்பகம் தன் வழிகாட்டிக் குறிப்பில் வான் டெர் கீர் முதலிய மூவர் 2000-ஆம் ஆண்டில் எழுதியதாக ஒரு கற்பனைக் கட்டுரையைத் தந்திருந்தது. இதழின் பெயரும் கற்பனை, 163-ஆம் தொகுதி, 51 முதல் 59 வரையான பக்கங்கள் என்பதும் கற்பனை. லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் க்ரோனன்பர்க் ஐயுற்றுத் தேடத் தொடங்க, அந்த இல்லாத கட்டுரை ஏறத்தாழ 400 கட்டுரைகளில் சான்றாக இடம்பெற்றிருந்தது 2017-இல் தெரியவந்தது. மாதிரிப் படிவத்தில் இருந்ததை நீக்க மறந்தவர்கள் அக்கட்டுரைகளை எழுதியோரில் பலர். ஆனால், அந்தச் சான்றின் வடிவம் குற்றமற்றது. வடிவத்தைக் கற்பிக்கவே அது எழுதப்பட்டது.

மூலம் இருந்தும் அதைப் படிக்காததன் விலை எவ்வளவு கொடியது என்பதற்கு ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்று சாட்சி. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1980 ஜனவரியில் வெளியான அக்கடிதம், மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலிநீக்கிகள் தரப்பட்ட 11,882 நோயாளிகளில் நால்வரிடம் மட்டுமே அடிமைத்தனம் பதிவானதாகச் சொன்னது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்கடிதத்தைச் சான்று காட்டிய 608 கட்டுரைகளை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர்கள் 2017-இல் அதே இதழில் வெளியிட்ட முடிவின்படி, 439 கட்டுரைகள் அதை ஓபியாய்டு அரிதாகவே அடிமைப்படுத்தும் என்பதற்கு ஆதாரமாக்கியிருந்தன. 491 கட்டுரைகள் அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே குறிப்பிடவில்லை. ஆக்ஸிகான்டின் மாத்திரை சந்தைக்கு வந்த பிறகு அக்கடிதத்தைச் சான்று காட்டுவது பெருகியது. அமெரிக்காவில் ஓபியாய்டுகள் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த வரலாற்றில், மருத்துவர்களின் அச்சத்தைப் போக்கிய வேலையை இந்தப் படிக்காத மேற்கோள்கள் செய்தன. பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் யாவும் சரியாக இருந்தால் இந்தக் குற்றத்தை எந்த நெறிநூலும் பிடித்திராது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ஒப்புமை விழுக்காட்டை, அதாவது ஓர் ஆய்வேட்டின் எழுத்து பிற ஆவணங்களோடு எந்த அளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் எண்ணை, தண்டனைக்கான அளவுகோலாக்கியது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை ஆறு மாதத்திற்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. அந்த ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கப்படும் பகுதிகளுள் துணைநூற்பட்டியலும் ஒன்று என்பதைத்தான் ஆய்வுலகில் எவரும் உரக்கப் பேசுவதில்லை. ஓர் ஆய்வேடு எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பகுதியை மென்பொருள் கண்டுகொள்ளாமல் தாண்டிச் செல்கிறது. பிறர் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மூலத்தையும் ஒழுங்காகக் குறிக்கத் தெரியாத மாணவர் அகப்பட்டுக்கொள்கிறார். இல்லாத இருபது நூல்களை இயந்திரத்திடம் கேட்டு வாங்கி அடுக்கியவரின் பட்டியலைச் சோதனை தொடுவதே இல்லை. ஆய்வு மாணவர்களிடையே இன்று கேட்கப்படும் முதல் கேள்வி சதவீதம் எவ்வளவு வந்தது என்பதே. எந்த நூலைப் படித்தாய் என்று கேட்பவர் அருகிவிட்டார். சொற்களை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைத்துத் தருவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

சான்றுகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் வந்துவிட்டன, இனிக் கவலை எதற்கு என்பவர்கள் சிக்கலையே புரிந்துகொள்ளவில்லை. ஜொட்டீரோ என்னும் மென்பொருள் ஒரு நொடியில் பட்டியலை வரிசைப்படுத்தும்; அதில் உள்ளதைப் படிக்காது. ஓர் ஆய்வேட்டின் முந்நூறு சான்றுகளையும் சரிபார்க்க நேரம் ஏது என்று கேட்கும் தேர்வாளர்களுக்கு, காற்புள்ளி திருத்தவும் ஓர இடைவெளி அளக்கவும் மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? சரிபார்க்க வழியே இல்லை என்பதும் பொய். கிராஸ்ரெஃப் அமைப்பு 2000-ஆம் ஆண்டு முதல் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு நிலையான அடையாள எண்ணைப் பதிந்துவருகிறது. அந்த எண்ணைத் தட்டினால் கட்டுரை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். எண் இல்லாத தமிழ் நூல்களுக்கு நூலகம் இருக்கிறது. அங்கே நடந்து செல்ல மனமில்லாதவர் ஆய்வு செய்ய வேண்டியதில்லை.

ஆகவே, வடிவ விதிகள் அனைத்தையும் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வேட்டு நெறிகளிலிருந்து அடியோடு நீக்கிவிட வேண்டும். வாசகர் மூலத்தைச் சென்றடைய முடிகிற எந்த வடிவமும் ஏற்கத்தக்கதே. அதற்குப் பதிலாக, சொல்லை எடுத்தாண்டாலும் கருத்தை எடுத்தாண்டாலும் பக்க எண்ணோ பாடல் எண்ணோ இல்லாத சான்று எதுவும் சான்றாகக் கொள்ளப்படாது என்று விதிக்க வேண்டும். இல்லாத ஒரே ஒரு நூல் பட்டியலில் இருந்தாலும், மென்பொருள் எத்தனை விழுக்காடு காட்டினாலும், அந்த ஆய்வேட்டின் பதிவு ரத்தாக வேண்டும். கையெழுத்திட்ட நெறியாளர் ஐந்தாண்டுகளுக்குப் புதிய மாணவரை ஏற்கக் கூடாது. வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள், புறத்தேர்வாளர் தம் விருப்பம்போல் பத்துச் சான்றுகளைக் குறித்துத் தர, அவற்றின் மூலப் பக்கங்களை மாணவர் மறுநாள் காலை மேசைமீது விரித்துவைத்து, எந்த வரியிலிருந்து தம் கூற்று பிறந்தது என்று சுட்டிக்காட்ட வேண்டும். பத்தில் ஒன்று இல்லாமல் போனாலும் அன்றைய தேர்வு அத்துடன் நிறுத்தப்பட வேண்டும்.